பேக்கர்லூ லைனில் ரயிலோட்டப் பழகுவோருக்கு: முதலில் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

ட்ரெயின் சிம் வேர்ல்ட் என்ற ரயிலோட்டும் கணினி விளையாட்டில் வரும் பேக்கர்லூ லைன் என்ற லண்டன் சுரங்க ரயில் பாதையைப் பற்றி ஆட்டக்காரர்களிடம் கேட்டால் இரண்டு கட்சிகள்தான். ‘இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், வேறொன்றும் இல்லை’ என்பது ஒரு கட்சி. ‘வேறெந்தப் பாதையையும் இவ்வளவு நேரம் ஓட்டியதில்லை’ என்பது இன்னொரு கட்சி. இருவரும் ஓட்டியது ஒரே ரயிலைத்தான். முதல் கட்சிக்காரர்கள் வண்டியை ஓடவைக்கக் கற்றுக்கொண்டதோடு விட்டுவிட்டார்கள். இரண்டாம் கட்சிக்காரர்கள் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். வடக்கே ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டனிலிருந்து தெற்கே எலிஃபன்ட் அண்ட் காசில் வரை 23 கிலோமீட்டருக்கு 25 ஸ்டேஷன்கள். ஒருமுறை முழுதாகப் போனால் 24 தடவை நிறுத்தியாக வேண்டும். ஆட்டமே அந்த 24 நிறுத்தங்களில்தான் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

பேக்கர்லூ லைன் 2020 ஆகஸ்டில் ட்ரெயின் சிம் வேர்ல்ட் 2 உடன் வந்தது. உருவாக்கியவர்கள் டவ்டெயில் கேம்ஸ். அதன் பிறகு அந்த வரிசையில் 3, 4, 5 என்று அடுத்தடுத்த பதிப்புகள் வந்துவிட்டன. பழைய பாதைகளைப் புதிய பதிப்புக்குள் கொண்டுபோய் ஓட்ட முடிகிறது. அதனால் புதிதாக வருகிறவர்கள் பழைய பதிப்பைத் தேடிப் போக வேண்டாம். புதிய பதிப்பை எடுத்து, இந்தப் பாதையைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும் பக்கத்தில் ‘இதை ஓட்ட எந்தப் பதிப்பு தேவை’ என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் பணம் கட்டியவர்களின் புலம்பலைத்தான் விமர்சனங்களில் அதிகம் பார்க்கலாம். முழு விலை கொடுக்கவும் அவசரம் வேண்டாம். இந்த வரிசைப் பாதைகளுக்குத் தள்ளுபடி அடிக்கடி வரும்.

ஓட்டக் கிடைப்பது 1972ஆம் வருட மாடல் ரயில் ஒன்றுதான். ஏழு பெட்டி, சிவப்புக் கதவு, உச்சவேகம் மணிக்கு 45 மைல், அதாவது 72 கிலோமீட்டர். விதவிதமான எஞ்சின்கள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் பழகுவதற்கு அதுவே நல்லது. ஒரே வண்டி, ஒரே கைப்பிடி. கை சீக்கிரம் பழகிவிடும். லண்டனில் இன்னும் ஓடும் சுரங்க ரயில்களில் இதுதான் மூத்தது. தானியங்கி ஓட்டம் கிடையாது, ஓட்டுநர் கையால்தான் ஓட்டுகிறார். விக்டோரியா, ஜூபிலி போன்ற பாதைகளில் கணினிதான் ஓட்டுகிறது. அங்கே ஓட்டுநர் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் போதும். விளையாட்டுக்கு பேக்கர்லூவைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்று பலர் சொல்வது இதனால்தான்.

உங்கள் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால் இதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். ஓப்பன்பிவிஇ என்ற இலவச ரயிலோட்ட மென்பொருள் பழைய கணினியிலும் ஓடும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் பிரேக் போடும் பழக்கத்தை அதிலும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் திரையைச் சரிசெய்யுங்கள்

சுரங்கப் பாதையில் பாதிச் சிக்கல் திரை வெளிச்சத்தால் வருவது. ஏதாவது ஒரு ஓட்டத்தைத் தொடங்கி, சுரங்கத்துக்குள் போனதும் இடைநிறுத்துங்கள். பக்கச் சுவரில் கேபிள்கள் வரிசையாக ஓடும். அவை மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பிரகாசத்தை ஏற்றுங்கள்; அதற்குமேல் வேண்டாம். அதிகமாக ஏற்றினால் கறுப்பு சாம்பலாகிவிடும், தூரத்துச் சிக்னலின் பச்சையும் வெளுத்துப்போகும். வேகமாக நகரும் காட்சியை மங்கலாக்கிக் காட்டும் மோஷன் பிளர் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். நெருக்கமான சுவர் வேகமாக ஓடும்போது அது கண்ணை வலிக்கவைக்கும். சிலருக்குத் தலைசுற்றலும் வரும்.

ஹெட்ஃபோன் அவசியம். இந்தப் பாதையைக் குறை சொல்பவர்கள்கூட சத்தத்தைப் பாராட்டுவார்கள். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் வேலையும் இருக்கிறது. திறந்த வெளியிலிருந்து குழாய்க்குள் நுழையும்போதும், குழாயிலிருந்து பிளாட்பாரத்துக்குள் வரும்போதும் எதிரொலி மாறுவது காதில் கேட்கும். பிளாட்பாரம் வந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும்.

தூரத்தை கஜத்தில் காட்ட வேண்டுமா, மீட்டரிலா என்பதை அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் மட்டும் மைலில் இருக்கட்டும். வழியிலுள்ள வேகப் பலகைகள் எல்லாம் மைலில்தான் இருக்கின்றன; ஒவ்வொரு முறையும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர், 20 என்றால் 32, 30 என்றால் 48. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கைப்பிடி

முடுக்கமும் பிரேக்கும் ஒரே கைப்பிடியில். கீபோர்டில் ஏ விசை சக்தியைக் கூட்டும், டி விசை குறைக்கும். நடுவில் ‘ஆஃப்’ நிலை. டி விசையை மேலும் தட்டினால் கைப்பிடி பிரேக் பக்கம் போய்விடும். புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு இங்கேதான்: சக்தியை நிறுத்த வேண்டும் என்று டி விசையை அழுத்திப் பிடிப்பார்கள். கைப்பிடி ஆஃபைத் தாண்டி முழு பிரேக்குக்குப் போய், வண்டி நடுச் சுரங்கத்தில் நின்றுவிடும். விசையைத் தட்டுங்கள், பிடிக்காதீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கைப்பிடி எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பழகுங்கள். அவசர பிரேக்குக்கு பேக்ஸ்பேஸ் விசை.

சக்திப் பக்கத்தில் உள்ள நிலைகளுக்குப் பள்ளி இயற்பியலே போதும். முதலில் மோட்டார்கள் தொடரிணைப்பில் இருக்கும். வரும் மின்னழுத்தத்தை அவை பங்குபோட்டுக்கொள்வதால் வேகம் ஓரளவுக்குமேல் ஏறாது. அடுத்தது பக்க இணைப்பு. அதில் முழு வேகம் எடுக்கலாம். இடைப்பட்ட மின்தடைகளை வண்டி தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொண்டு போகும். அதனால் கைப்பிடியைத் தள்ளியவுடன் வண்டி பாயாது. ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். பிரேக்கும் அப்படியே. முதலில் மோட்டார்களையே மின்னாக்கிகளாக்கி, அந்த மின்சாரத்தைத் தடைகளில் சூடாக எரித்து வேகத்தைக் குறைக்கும். வேகம் நன்றாக இறங்கியதும் காற்று பிரேக் பொறுப்பேற்கும். ‘பிரேக் போட்டால் உடனே பிடிக்கவில்லை, விளையாட்டில் கோளாறு’ என்று எழுதுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் கோபப்பட மாட்டார்கள். அந்தத் தாமதம் வண்டியின் குணம். அதையும் கணக்கில் சேர்த்து முன்கூட்டியே போட வேண்டும், அவ்வளவுதான்.

புறப்பாடு

பயிற்சிப் பகுதியை ஒருமுறை முழுதாக முடித்துவிடுங்கள். பிறகு கால அட்டவணை ஓட்டத்துக்கு வாருங்கள். முதல் நாளே ஹாரோவிலிருந்து கிளம்ப வேண்டாம். அது ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை. நிஜத்திலும் எல்லா ரயிலும் ஹாரோ வரை போவதில்லை. நிறைய ரயில்கள் குவீன்ஸ் பார்க்கோடும் ஸ்டோன்பிரிட்ஜ் பார்க்கோடும் திரும்பிவிடும். குவீன்ஸ் பார்க்கில் தொடங்கித் தெற்கே போகும் ஓட்டம் ஒன்றை எடுங்கள். கில்பர்ன் பார்க், மைடா வேல், வார்விக் அவென்யூ, பேடிங்டன் என்று நான்கு நிறுத்தம் பழகிவிட்டு அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கால அட்டவணை ஓட்டத்தைப் பாதியில் சேமித்துவிட்டு வெளியேறலாம்.

ஓட்டுநர் அறையில் உட்கார்ந்ததும்:

1. கைப்பிடி பிரேக் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள்.

2. சாவி போட்டு, திசையை முன்னே வையுங்கள். டபிள்யூ, எஸ் விசைகள் திசைக்கு உரியவை. மவுஸால் நேராகப் பிடித்தும் திருப்பலாம். முதல் சில முறை மவுஸே நல்லது, எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பழகும்.

3. முன்விளக்கைப் போடுங்கள்.

4. கதவுகள் எல்லாம் மூடியிருக்கின்றன என்று சொல்லும் பைலட் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

5. சிக்னல் பச்சை. பிரேக்கை விட்டு, கைப்பிடியை முதல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வண்டி அசைந்ததும் அடுத்த நிலைக்குப் போங்கள்.

ஸ்டேஷன்களுக்கு இடையே தூரம் குறைவு. முப்பது மைலைத் தொட்டதும் ஆஃபுக்கு வந்துவிட்டால் பல இடங்களில் வண்டி சறுக்கிக்கொண்டே அடுத்த பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். கடைசி நொடிவரை சக்தி கொடுத்துவிட்டு உடனே பிரேக்கை இழுப்பதுதான் அலுப்பூட்டும் ஓட்டம். சக்திக்கும் பிரேக்குக்கும் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடுங்கள். அந்த நேரத்தில்தான் அடுத்த சிக்னலையும் வேகப் பலகையையும் பார்க்க முடியும்.

நிறுத்துவது

இதை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஏழு பெட்டி ரயிலின் நீளம் ஏறத்தாழ 112 மீட்டர். பிளாட்பாரமும் கிட்டத்தட்ட அதே நீளம். அதாவது உங்கள் மூக்கு பிளாட்பாரத்தின் நுழைவாயைத் தொடும்போது, நிற்க வேண்டிய இடம் இன்னும் 112 மீட்டர் தள்ளி இருக்கிறது. கஜத்தில் 122. மொத்தக் கணக்கும் இந்த ஒரு எண்ணில்தான்.

பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது வேகம் 25 மைல் இருக்கட்டும். அங்கிருந்து ஒரே சீராகக் குறைத்தால், நொடிக்கு நொடி குறையும் வேகம் விநாடிக்கு அரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நிற்க 20 விநாடி ஆகும். நின்றுகொண்டிருக்கும் பயணி கம்பியைப் பிடிக்காமலே சமாளித்துவிடுவார். இதே இடத்தில் 30 மைலில் நுழைந்தால் 17 விநாடியில் நிற்கலாம். மிச்சமாவது மூன்று விநாடி. அதற்குப் பிரேக் நாற்பது சதவீதத்துக்கும் அதிகமாகப் பிடிக்க வேண்டும். 35 மைலில் நுழைந்தால் பிரேக்கை இரண்டு மடங்கு அழுத்த வேண்டியிருக்கும். ஒரு நொடி தாமதித்தாலும் நிறுத்தக் குறியைத் தாண்டிவிடுவீர்கள். அட்டவணையில் பின்தங்கிவிட்டோம் என்று பிளாட்பாரத்துக்குள் வேகமாக நுழைவதில் ஒரு பயனும் இல்லை. நேரத்தை மீட்க வேண்டுமானால் கதவை மூடிக் கிளம்பும் இடத்தில் மீட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, புதியவர்களை ஏமாற்றும் ஒரு விஷயம். சீராக பிரேக் போட்டால் வேகமும் தூரமும் சேர்ந்தே பாதியாகும் என்று மனம் நினைக்கும். அப்படி ஆகாது. பாதித் தூரம் போனபோது வேகம் 25லிருந்து 18க்குத்தான் இறங்கியிருக்கும். வேகம் பாதியாக, அதாவது 12 அல்லது 13 மைலாக ஆவது முக்கால் தூரம் கடந்த பிறகுதான். நடு பிளாட்பாரத்தில் 18 மைலைப் பார்த்ததும் ‘ஐயோ, நிற்காது போலிருக்கிறதே’ என்று பயந்து பிரேக்கைக் கூட்டிவிடுவார்கள். வண்டி பாதியிலேயே தவழத் தொடங்கும். மிச்ச முப்பது மீட்டரை ஊர்ந்தபடி கடக்க வேண்டியதாகிவிடும். பின்னால் வரும் ரயில் சிக்னலில் காத்துக்கிடக்கும்.

அதனால் இந்த எண்களைத் திரைக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் 112 மீட்டரில் 25 மைல். மிச்சம் 56 மீட்டரில் 18. மிச்சம் 28 மீட்டரில் 12 அல்லது 13. மிச்சம் 7 மீட்டரில் 6. இதைவிட வேகம் கூடுதலாக இருந்தால் ஒரு தட்டு பிரேக் கூட்டுங்கள். குறைவாக இருந்தால் ஒரு தட்டு விடுங்கள். ஒரு தட்டுக்குமேல் தேவைப்பட்டால் நுழைந்த வேகமே தப்பு. அடுத்த ஸ்டேஷனில் இன்னும் முன்கூட்டியே போடுங்கள். நுழையும் இடத்தில் வேகம் 25 ஆக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பிரேக் பிடிக்க எடுக்கும் அந்த ஒரு விநாடியைச் சேர்த்து, நுழைவாய்க்குக் கொஞ்சம் முன்பே முதல் தட்டைத் தட்ட வேண்டும்.

வேகத்தின் கடைசி மூன்று மைல்தான் நல்ல ஓட்டுநரையும் மோசமான ஓட்டுநரையும் பிரிப்பது. அதுவரை பிடித்த பிரேக்கோடு அப்படியே நின்றால் வண்டி முன்னே குனிந்து பின்னே எறியும். உள்ளே இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். மூன்று மைலுக்கு இறங்கியதும் பிரேக்கை மிகக் குறைந்த நிலைக்கு விடுங்கள். சக்கரம் கடைசிச் சுற்றைத் தானாக முடித்துக்கொள்ளும். நின்ற உடனே மறுபடி பிரேக்கைப் போட்டுவிடுங்கள். சரிவான இடமாக இருந்தால், பயணிகள் ஏறி இறங்கும்போது வண்டி மெல்ல நகரத் தொடங்கிவிடும்.

பிக்கடில்லி சர்க்கஸ், வாட்டர்லூ போன்ற இடங்களில் பிளாட்பாரம் வளைந்திருக்கும். நிறுத்தக் குறி கண்ணுக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். அங்கே கண்ணை நம்பாதீர்கள்; திரையில் காட்டும் தூரத்தையும் மேலே சொன்ன எண்களையும் வைத்து நிறுத்துங்கள். வளைவில் பலகையில் போட்டிருக்கும் வேகமும் குறைவாக இருக்கும். சேரிங் கிராஸிலிருந்து எம்பாங்க்மென்ட் மிக அருகில். சக்தி கொடுத்து, ஆஃப் செய்து, ‘அப்பாடா’ என்று சாய்ந்து உட்கார நேரமிருக்காது. அங்கே தொடரிணைப்பு நிலையோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். எம்பாங்க்மென்டுக்கும் வாட்டர்லூவுக்கும் நடுவில் மேலே தேம்ஸ் நதி ஓடுகிறது. திரையில் அதற்கு ஒரு அடையாளமும் தெரியாது.

குறிக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் பதறாதீர்கள். கதவைத் திறக்காமல் பிரேக்கை விட்டு, முதல் நிலையைத் தொட்டு, உடனே ஆஃப் செய்யுங்கள். ஐந்து மைலைத் தாண்டவிடாமல் ஊர்ந்து போய் நில்லுங்கள். குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் ஓட்டிச் சரிசெய்ய முயலாதீர்கள். நிஜத்தில் அது ஓட்டுநர் தன் இஷ்டத்துக்குச் செய்யக்கூடிய காரியமில்லை. விளையாட்டிலும் அதனால் மேலும் குழப்பம்தான் வரும்.

கதவு

இந்த ரயிலில் கார்டு இல்லை, ஓட்டுநரேதான் கதவைத் திறந்து மூடுகிறார். நிற்கும் இடத்துக்கு நேரே பிளாட்பாரத்தைக் காட்டும் கண்காணிப்புத் திரைகள் இருக்கின்றன. சரியான குறியில் நிற்க வேண்டியதன் காரணமே அதுதான்: மூன்று மீட்டர் தள்ளி நின்றால் திரை பார்வைக்குக் கிடைக்காது.

எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. வண்டி இடது பக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறது என்பதால் பிளாட்பாரமும் இடதுபுறம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தால் எங்காவது மாட்டிக்கொள்வீர்கள். உதாரணத்துக்கு சவுத் கென்டன்: இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரே தீவுப் பிளாட்பாரம், எனவே வலதுபுறம் திறக்க வேண்டும். சுரங்கத்துக்குள்ளும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். நுழையும்போதே ஆட்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்க விரலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இயல்பான அமைப்பில் வொய் விசை இடது கதவு, யூ விசை வலது கதவு. உங்கள் பதிப்பில் மாறியிருந்தால் விசைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திறந்த பிறகு பயணிகள் ஏறி முடிக்கும்வரை காத்திருங்கள். திரையில் அந்த வேலை முடிந்ததாகக் குறி வரும். அதற்கு முன் மூடினால் அந்த நிறுத்தம் கணக்கில் சேராது. மூடியபின் பைலட் விளக்கு வரும்வரை கைப்பிடியைத் தொடாதீர்கள்.

சிக்னலும் கீழே இருக்கும் கையும்

சுரங்கத்துக்குள் நிறுத்தச் சிக்னல் பச்சை அல்லது சிவப்பு, வேறு நிறம் இல்லை. மஞ்சள் காட்டும் சிக்னலைப் பார்த்தால் அது முன்னறிவிப்பு: அடுத்தது சிவப்பு. வளைவுகளில் அடுத்த சிக்னல் தெரியாத இடங்களில்தான் இவற்றை வைத்திருப்பார்கள். மஞ்சளைப் பார்த்ததும் கைப்பிடி ஆஃப். வேகத்தை இருபதுக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

சிவப்புச் சிக்னலுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தோரம் ஒரு இரும்புக் கை நிமிர்ந்து நிற்கும். பச்சையானால் படுத்துவிடும். ரயிலின் முன்பெட்டிக்கு அடியில் ட்ரிப்காக் என்ற நெம்பு தொங்குகிறது. சிவப்பைத் தாண்டினால் அந்தக் கை இதைத் தட்டிவிடும். சக்தி அறுந்து அவசர பிரேக் விழும். லண்டனில் அப்படித் தட்டப்பட்ட ரயில், மறுபடி கிளம்பினாலும் மூன்று நிமிடத்துக்குப் பத்து மைலுக்குமேல் போகாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். நூற்றாண்டுப் பழைய யோசனை, இன்னும் வேலை செய்கிறது. விளையாட்டில் சிவப்பைத் தாண்டினால் வண்டியும் நிற்கும், உங்கள் ஓட்டமும் கெடும். சிக்னலுக்கு இருபது மீட்டர் முன்னாலேயே நின்றுவிடுங்கள். முன்னே ஒட்டிப் போய் நிற்பதில் எந்த லாபமும் இல்லை.

நின்ற பிறகு சிவப்பு மாறவே இல்லையென்றால், 9ஆம் எண் விசையை அழுத்தி வரைபடத்தைப் பாருங்கள். முன்னால் இன்னொரு ரயில் பிளாட்பாரத்தில் இருந்தால் பொறுத்திருப்பதுதான் வழி. டேப் விசையால் சிக்னலைக் கடக்க அனுமதி கேட்கலாம். முன்னால் ரயில் இருக்கும்போது கேட்டால் கிடைக்காது. யாரும் இல்லாமல் சிக்னல் மட்டும் சிக்கிக்கொண்டது போல் தெரிந்தால் கேட்டுப் பாருங்கள்.

வெளியே வந்ததும்

கையில் பழக்கம் வந்தபின் வடக்குப் பக்கம் போங்கள். தெற்கிலிருந்து வரும்போது குவீன்ஸ் பார்க்குக்குச் சற்று முன் வண்டி வெளிச்சத்துக்கு வரும். அங்கிருந்து ஹாரோ வரை பத்து ஸ்டேஷன்களும் திறந்த வெளியில். குவீன்ஸ் பார்க்கைத் தாண்டியதும் பாதை ஒரு ரயில் கொட்டகைக்குள்ளேயே புகுந்து மறுபுறம் வெளியே வருகிறது. இருபுறமும் நிறுத்தி வைத்த வண்டிகள், நடுவில் பயணிகளோடு நீங்கள். சுவரைத் தவிர ஒன்றுமில்லை என்று சொல்லும் கட்சியினர் இந்த இடத்தைப் பார்க்காமலே விட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். வேகப் பலகையை மட்டும் மறந்துவிடாதீர்கள்; வேடிக்கை பார்க்கும்போதுதான் புள்ளி போகும்.

இந்த வடபகுதித் தண்டவாளம், பிரிட்டனின் பொது ரயில் பாதைகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் ரயில் நிறுவனத்துடையது. லண்டன் ஓவர்கிரவுண்ட் ரயில்களும் இதே பாதையில் போவதால் சிக்னல்களின் தோற்றமும் வேகப் பலகைகளும் மாறும். ஸ்டேஷன் இடைவெளி அதிகம், வேகமும் அதிகம். சுரங்கத்தில் பழகிய இடத்தில் பிரேக் போட்டால் இங்கே போதாது. பிளாட்பாரமும் சில இடங்களில் உங்கள் ரயிலைவிட நீளம். அதனால் நுழைவாயிலிருந்து 112 மீட்டர் கணக்கு இங்கே செல்லாது. நிறுத்தக் குறியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறிக்கு 112 மீட்டர் முன்னால் 25 மைல், மற்றதெல்லாம் பழையபடியே.

வண்டி நகரவில்லையென்றால்

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் விடை கதவுதான். பைலட் விளக்கு எரியாவிட்டால் சக்தி வராது. எதிர்ப்பக்கக் கதவைத் தவறித் திறந்துவிட்டு இந்தப் பக்கத்தை மட்டும் மூடியிருப்பீர்கள். விளக்கு எரிகிறது, ஆனாலும் அசையவில்லை என்றால் திசை நடுவில் கிடக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் கைப்பிடியை ஆஃபுக்குக் கொண்டுவந்து இரண்டு விநாடி விட்டு மறுபடி தள்ளுங்கள்; பிரேக் முழுதாக விடுபடும் முன்பே அவசரப்பட்டுத் தள்ளியிருக்கலாம். பேக்ஸ்பேஸ் விசையில் கை பட்டு அவசர பிரேக் விழுந்திருந்தால், கைப்பிடியைப் பிரேக் நிலைக்குக் கொண்டுபோய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கள். சேமித்து வைத்த ஓட்டத்தைத் திறந்த உடனே இப்படி ஆனால், திசையையும் சாவியையும் ஒருமுறை எடுத்து மறுபடி போடுவது பலருக்குக் கைகொடுக்கிறது.

எலிஃபன்ட் அண்ட் காசில்

லாம்பெத் நார்த் தாண்டியதும் வேகத்தை இறக்கிவிடுங்கள். எலிஃபன்ட் அண்ட் காசில் முட்டுச்சந்து. பிளாட்பாரத்துக்கு முன்னால் தண்டவாளங்கள் குறுக்கே மாறுவதால் உங்களை எந்தப் பக்கம் அனுப்புவார்கள் என்பது சிக்னலைப் பார்த்தால்தான் தெரியும். 1975 பிப்ரவரி 28 அன்று லண்டனின் மூர்கேட் முனையத்தில் ஒரு ரயில் நிற்காமல் போய்ச் சுவரில் மோதி 43 பேர் இறந்தார்கள். அதன்பின் முனையங்களுக்குள் வரும் ரயில்களின் வேகத்தைத் தண்டவாளத்திலிருந்தே கண்காணித்து நிறுத்தும் ஏற்பாடு வந்தது. எனவே இங்கே 25 மைல் கணக்கை மறந்துவிடுங்கள். பலகையில் போட்டிருக்கும் வேகம்தான் உச்சம். பத்து மைலில் நுழைந்து தவழ்ந்தாலும் தப்பில்லை. முனையத்தில் ஊர்ந்து போனதற்கு யாரும் குறை சொல்வதில்லை.

நின்று, கதவைத் திறந்து, பயணிகள் இறங்கியதும் அடுத்த ஓட்டத்துக்கு மறுமுனை அறைக்குப் போக வேண்டும். பிரேக் போட்டபடி திசையை நடுவில் வையுங்கள், சாவியை எடுங்கள், முன்விளக்கை மாற்றுங்கள், பிளாட்பாரத்தில் இறங்கி நடங்கள். சாவியை எடுக்காமல் மறுமுனைக்குப் போனால் அங்கே எதைத் தொட்டாலும் வண்டி கேட்காது. மறுபடியும் 112 மீட்டர் திரும்பி நடக்க வேண்டும். அதற்குள் உங்கள் புறப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும்.